பினாங்கின் வருங்காலக் காட்சிகள்: பருவநிலை மாற்ற ஆய்வுக்கு ஒரு சமூகப் பொருளியல் வரலாற்றுப் பின்னணி

ஜார்ஜ் டவுன் உயர்நீதிமன்ற வளாகத்தில் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் என்பாரின் நினைவுச் சின்னம் ஒன்று உள்ளது. ஸ்காட்லாந்தில் பிறந்து, பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வழக்கறிஞராகத் தொழில் நடத்தி, 1869ஆம் ஆண்டில் மறைந்தவர் அவர். ‘இந்தோனேசியா’ என்னும் பெயரை 1850இல் வழக்கிற்குக் கொண்டுவந்தவர்களுள் ஒருவர் என்ற அளவில் வரலாற்று மாணவர் அவரை அறிவர். அவர் 1847இல் தொடங்கி நடத்திய ஆய்விதழில் மறு ஆண்டே வெளிவந்த சிறு கட்டுரை ஒன்று அந்த அளவிற்கு அறியப்படவில்லை. பினாங்கு மலைக்காடுகள் தொடர்ந்து அழிக்கப்படுமாயின் தீவின் பருவநிலையில் விளையக்கூடிய மாற்றங்கள் யாவை என்பதே அதன் பொருள். சில பக்கங்களே கொண்ட அக்கட்டுரை, ஒரு சமூகத்தின் பொருளியல் நடவடிக்கை இன்ன வழியில் சென்றால் அதன் வானிலை இன்னவாறு மாறும் என்று நிபந்தனை வடிவில் எண்ணிப் பார்த்த முயற்சிகளுள் காலத்தால் முந்திய ஒன்று.

இன்று பருவநிலை அறிவியலார் ‘சமூகப் பொருளியல் காட்சிகள்’ என்று வழங்கும் கருவியும் இதையேதான் செய்கிறது; கணினியும் உலகளாவிய தரவுகளும் கூடியிருக்கின்றன என்பதே வேறுபாடு. அக்கருவியைப் பினாங்கின் வரலாற்றோடு ஒட்டிவைத்து நோக்குவது இக்கட்டுரையின் முயற்சி. இத்தகைய காட்சிகள் பிழைபடும்போது, பெரும்பாலும் வானிலைக் கணக்கினால் பிழைபடுவதில்லை. மனிதரைப் பற்றிய எடுகோள்களினாலேயே பிழைபடுகின்றன என்பதும், அவ்வெடுகோள்களில் உழைப்பாளர் இடம்பெறாமற் போவது பழைய வழக்கம் என்பதும் நாம் நிறுவ முற்படும் கருத்துகளாகும்.

சாதிக்காய்த் தோப்புகளும் மலைச்சரிவும்

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடியேற்றியதே ஒரு வருங்காலக் கணிப்பின் பேரில்தான். வங்கக் கடலின் கிழக்குக் கரையில் ஆங்கிலக் கப்பல்களுக்கு ஒரு துறைமுகம் தேவைப்படும், சீன வணிகம் பெருகும், இத்தீவு அதன் வாயிலாகும் என்று கிழக்கிந்தியக் கம்பெனி எண்ணியது. 1805இல் பினாங்கைக் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகியவற்றிற்கு அடுத்த நான்காவது மாகாணமாக உயர்த்தியபோது, இங்கே போர்க்கப்பல் கட்டும் தளம் அமையும் என்ற நம்பிக்கையும் அதனுள் அடங்கியிருந்தது. தளம் அமையவில்லை. 1819இல் சிங்கப்பூர் தோன்றியது. 1830இல் மாகாணத் தகுதியும் பறிபோயிற்று. கணக்கிட்டவர்கள் அறிவற்றவர்களல்லர், அவர்கள் கணக்கில் சிங்கப்பூர் இல்லை, அவ்வளவே.

துறைமுகக் கனவு தளர்ந்த காலத்தில் சாதிக்காயும் கிராம்பும் தீவின் பொருளியல் நம்பிக்கையாக எழுந்தன. மொலுக்காத் தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட கன்றுகள் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தோப்புகளாகிப் பரவின. அத்தோப்புகளுக்காகவும் பிற பயிர்களுக்காகவும் மலைச்சரிவுகளில் காடு வெட்டப்பட்டது. லோகன் கண்டது இதனையே. மலைத்தொடரின் கிழக்கு முகம் சில ஆண்டுகளுக்குள் காடிழந்து நிற்பதை அவர் சுட்டிக்காட்டினார். காடு குறைந்தால் ஈரம் குறையும், ஓடைகள் மெலியும், வறட்சி மிகும் என்பது ஹம்போல்ட் முதலிய ஐரோப்பிய அறிஞர் பரப்பிய கொள்கை. அதனைப் பினாங்கிற்குப் பொருத்திக் காட்டினார். சிங்கப்பூரில் ஆளுநர் மலையுச்சிகளில் காடழிப்பதைத் தடைசெய்திருந்ததைப் பாராட்டி, பினாங்கிலும் அவ்வாறு செய்யவேண்டும் என்றார். பருவநிலை என்பது சமுதாயம் முழுமைக்கும் உரியது, ஆதலால் அதற்குக் கேடு நேராமல் காப்பது அரசின் கடமைகளுள் ஒன்று என்பது அவர் வாதம். 1848இல் இவ்வாறு எழுதப்பட்டிருப்பதைப் படிக்கும்போது வியப்பு ஏற்படாமல் இல்லை.

இந்தச் சிந்தனை கடலுக்கு அப்பாலும் ஒலித்தது. எட்வர்ட் பால்ஃபர் என்னும் மருத்துவர், மரங்கள் மழையை வருவிப்பதிலும் ஈரத்தைக் காப்பதிலும் பெறும் பங்கைப் பற்றிய குறிப்புகளை 1849இல் சென்னை ஆய்விதழில் வெளியிட்டார். 1856இல் சென்னை மாகாணத்தில் வனத்துறை அமைந்து, கிளெகார்ன் அதன் தலைமையேற்றார். பினாங்கு, சிங்கப்பூர், சென்னை ஆகிய மூன்று துறைமுகங்களுக்கிடையே துணியும் வெற்றிலையும் போலவே பருவநிலைக் கருத்துகளும் கப்பலேறி வந்து சென்ற காலம் அது.

ஆனால் லோகன் எதிர்பார்த்தவாறு காரியங்கள் நடக்கவில்லை. 1860ஐ ஒட்டிச் சாதிக்காய் மரங்களை நோய் தாக்கிற்று. தோப்புகள் சில ஆண்டுகளில் அழிந்தன. காடழிப்பைத் தூண்டிய பொருளியல் விசை, அரசின் தடையால் அன்று, ஒரு நோயினால் ஒடிந்தது. 1883இல் கேன்ட்லி நீரிணைக் குடியேற்றங்களின் காடுகளைப் பற்றி அறிக்கை அளித்ததையடுத்தே, 1884இல் சார்லஸ் கர்ட்டிஸின் பொறுப்பில் தாவரத் தோட்டமும் காடு காப்பும் பினாங்கில் வேர்கொண்டன. அம்மலையை உள்ளடக்கிய பகுதி 2021இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்கப்பட்டது. இதனால் லோகன் பொய்த்தார் என்று கூறுதல் முறையன்று. காடு வெட்டினால் ஓடை என்னாகும் என்ற அவர் கூற்றில் இன்றும் உண்மை உண்டு. காடு தொடர்ந்து வெட்டப்படும் என்ற எடுகோள்தான் நிலைக்கவில்லை.

மற்றொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. லோகனின் கவலைக்குரிய அந்த ஓடைகளுள் முதன்மையானது நகருக்கும் கப்பல்களுக்கும் குடிநீர் அளித்த அருவி. தமிழர் அவ்விடத்தைத் ‘தண்ணீர்மலை’ என்று பெயரிட்டு வழங்கி வருகின்றனர். தைப்பூசத்தன்று காவடி சென்றடையும் இடமும் அதுவே. அம்மலையைப் பார்த்து நீரென்று பெயர் வைத்த மக்களும், சரிவில் மண்வெட்டி பிடித்த மக்களும் லோகனின் பக்கங்களில் மனிதராகத் தோன்றுவதில்லை. வெட்டுவோர் என்ற ஒரே பெயரில் அவர்கள் கடந்து போகிறார்கள்.

‘காட்சி’ என்னும் சொல்

வருங்காலக் காட்சி என்று நாம் இங்கு வழங்கும் சொல், ஆங்கிலத்தில் நாடக அரங்கிலிருந்து கடன்பெற்றது. 1950களில் அமெரிக்க இராணுவ ஆய்வு நிறுவனமொன்றில் ஹெர்மன் கான் அதனைப் போர்த் திட்டமிடலுக்குப் பயன்படுத்தினார். 1970களின் தொடக்கத்தில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பியர் வாக் அதனை வணிகத்திற்கு மாற்றினார். பருவநிலை மாற்றத்திற்கான அரசுகளுக்கிடையிலான குழு 1990, 1992, 2000 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்துக் காட்சித் தொகுதிகளை உருவாக்கியது. 2000இல் வெளியானதில் நான்கு குடும்பங்களாகப் பகுக்கப்பட்ட 40 காட்சிகள் இருந்தன. அதன்பின் ஆய்வாளர்கள் அமைத்ததே ‘பொதுச் சமூகப் பொருளியல் வழிகள்’ எனத்தக்க ஐந்து வழிகள். அக்குழுவின் ஆறாம் மதிப்பீட்டறிக்கை (2021) அவற்றையே அடிப்படையாகக் கொண்டது.

ஐந்தனுள் முதலாவது, நுகர்வைக் குறைத்துச் சமத்துவத்தை நாடும் பசுமை வழி. இரண்டாவது, இதுகாறும் நடந்தவாறே நடக்கும் நடுவழி. மூன்றாவது, நாடுகளும் வட்டாரங்களும் ஒன்றையொன்று நம்பாது தத்தம் எல்லைக்குள் சுருங்கும் பகைவழி. நான்காவது, வல்லாரும் மெலியாரும் பிரிந்து நிற்கும் ஏற்றத்தாழ்வு வழி. ஐந்தாவது, நிலக்கரியும் எண்ணெயும் எரித்து விரைந்து செல்வம் திரட்டும் வழி. ஒவ்வொரு வழிக்கும் மக்கள்தொகை, கல்வி, வருமானம், நகரமயமாதல் ஆகியவை எண்களாக வகுக்கப்பட்டுள்ளன. பசுமை வழியில் 2100ஆம் ஆண்டு உலக மக்கள்தொகை ஏறத்தாழ 700 கோடி. பகைவழியில் 1,200 கோடிக்கும் மேல்.

இவ்வழிகளை வெளியேற்ற அளவுகளோடு இணைத்துக் கணக்கிட்டதில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியை நோக்க, இந்நூற்றாண்டின் இறுதி இருபதாண்டுகளில் உலக வெப்பம் பசுமை வழியின் தாழ்ந்த வெளியேற்றக் காட்சியொன்றில் 1.8 பாகை செல்சியசும், நடுவழியில் 2.7 பாகையும், பகைவழியில் 3.6 பாகையும், ஐந்தாவது வழியில் 4.4 பாகையும் உயர்ந்திருக்கும் எனச் சிறந்த மதிப்பீடு கூறுகிறது. 2100இல் உலகக் கடல்மட்டத்தின் உயர்வு அப்பசுமைக் காட்சியில் 0.32 முதல் 0.62 மீட்டர், ஐந்தாவது வழியில் 0.63 முதல் 1.01 மீட்டர் என்பது அவ்வறிக்கையின் கணிப்பு. ஆனால் 2050ஐ ஒட்டிய காலத்தில் இவ்வழிகளுக்கிடையே வெப்ப வேறுபாடு மிகச் சிறிது. எனவே, இன்று நடுவயதில் இருப்போர் தம் வாழ்நாளில் காணப்போகும் வேறுபாடு வானிலையில் இருப்பதைவிடச் சமுதாயத்தின் ஆயத்தத்திலேயே மிகுதியாக இருக்கும்.

தமிழாசிரியர்க்கு இதை விளக்க இலக்கணமே துணையாகும். தொல்காப்பியர் கூறும் வினையெச்ச வாய்பாடுகளுள் ‘செயின்’ என்பது ஒன்று. காட்சி என்பது ‘செயின்’ வாய்பாட்டில் அமைந்த கூற்று. முற்று வினையாக அது எழுதப்படவில்லை. ‘இவ்வாறு வாழின், இவ்வாறு நேரும்’ என்பதில் முன்பாதியை அறுத்துவிட்டுப் பின்பாதியை மட்டும் செய்தித்தாள்கள் தலைப்பாக்குகின்றன. ‘பினாங்கு மூழ்கும்’ என்ற தலைப்பை நாம் பலமுறை கண்டுவிட்டோம். அறிவியலார் எழுதிய எச்சத்தைச் செய்தியாளர் முற்றாக்கிவிடுவதால் நேரும் குழப்பம் இது.

1970இன் ஒரு காட்சி

பினாங்கு தன் வருங்காலத்தை முறையாக எழுதிப் பார்த்த தருணமும் ஒன்றுண்டு. 1969இல் தீவின் வரியற்ற துறைமுகத் தகுதி நீங்கியது, வேலையின்மை மிகுந்திருந்தது. அவ்வாண்டே லிம் சோங் இயூ முதலமைச்சரானார். அமெரிக்கரான ராபர்ட் நாதனின் ஆலோசனை நிறுவனம் வகுத்த பினாங்குப் பெருந்திட்டம் 1970இல் வெளிவந்தது. ஏற்றுமதித் தொழிற்சாலைகளே வழி என்றது அது. 1972இல் பாயான் லெப்பாசில் சுதந்திர வாணிப வட்டாரம் தோன்றியது. இன்டெல் நிறுவனம் அவ்வாண்டே வந்தது. நெல் விளைந்த தாழ்நிலங்களில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. 1985இல் பாலம் திறக்கப்பட்டது.

பொருளியல் நோக்கில் இத்திட்டம் வெற்றி பெற்றது என்பதில் ஐயமில்லை. கடல்மட்டமோ வெப்பமோ அன்று எவர் கணக்கிலும் இல்லை, இருந்திருக்கவும் இயலாது. ஆயினும் இன்று பினாங்குத் தீவின் செல்வம் எந்த உயரத்தில், எந்தக் கரையோரத்தில் குவிந்திருக்கிறது என்பதை முடிவுசெய்ததில் அத்திட்டத்திற்குப் பெரும் பங்குண்டு.

தமிழர் நிலையிலிருந்து நோக்கினால், அதே ஆண்டுகள் வேறு முகம் காட்டுகின்றன. குடியுரிமை பெறாதோர்க்கு வேலை அனுமதி கட்டாயமாக்கப்பட்டதையடுத்து, ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர் ‘ரஜூலா’ முதலிய கப்பல்களில் தமிழகம் திரும்பினர். துறைமுகத்தின் தேய்வு அங்கு மூட்டை சுமந்த குடும்பங்களைத் தாக்கியது. திட்டத்தில் ‘வேலையின்மை’ என்ற ஒரே எண்ணுக்குள் இவ்விரு கதைகளும் மறைந்துள்ளன.

ஆறும் எல்லையும்

ஐந்து வழிகளுள் பினாங்கைப் பற்றிய உரையாடல்களில் பெரிதும் எடுத்தாளப்படுவது ஐந்தாவது வழியின் உச்ச வெப்பக் காட்சி. அச்சுறுத்தும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆனால் இம்மாநிலத்தின் வரலாற்றை அறிந்தோர்க்கு மூன்றாவதும் நான்காவதுமே மிகவும் அறிமுகமானவையாகத் தோன்றும் என்பது நம் கருத்து.

பகைவழியை எடுத்துக்கொள்வோம். பினாங்கு தன் கச்சா நீரில் ஐந்தில் நான்கு பங்கிற்கு மேல் மூடா ஆற்றிலிருந்து பெறுகிறது. அவ்வாறு கெடா மாநிலத்தில் தோன்றி, கடைப்பகுதியில் இரு மாநிலங்களின் எல்லையாக ஓடிக் கடலில் கலக்கிறது. அதன் தலைப்பகுதிக் காடான உலு மூடா கெடாவிற்கு உரியது. அங்கு மரம் வெட்டப்படுவதைப் பற்றிப் பினாங்கு கவலைப்படுகிறது. நீருக்குக் கட்டணம் வேண்டும் என்று கெடா கேட்கிறது. எல்லையில் ஓடும் ஆற்றில் தனக்கும் உரிமை உண்டெனப் பினாங்கு மறுக்கிறது. மூடா ஆற்றின் தலைநீரில் ஒரு பகுதி அணை கட்டித் திருப்பப்பட்டு, நாட்டின் மிகப்பெரிய நெல் வட்டாரத்தின் பாசனத்திற்கும் செல்கிறது என்பதையும் சேர்த்து எண்ணவேண்டும். மழை பொய்க்கும் ஓராண்டில் நெல்லுக்கா குழாய்க்கா என்ற கேள்வி எழும். அதற்கான விடை வெப்ப அளவைவிட அலோர் ஸ்டாருக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் இடையிலான உறவையே மிகுதியும் சார்ந்தது.

இவ்வுறவோ 1786இலிருந்தே புண்பட்டது. கெடா சுல்தான் இராணுவப் பாதுகாப்பை எதிர்பார்த்தே தீவை ஒப்படைத்தார். கம்பெனி அப்பாதுகாப்பை அளிக்கவில்லை. 1791இல் அவர் தீவை மீட்க முயன்று தோற்றார். 1800இல் எதிர்க்கரை நிலமும் ஒப்படைக்கப்பட்டது. அந்தப் பழைய கணக்கு இன்றைய நீர் வழக்கிலும் அவ்வப்போது மேலெழுவதைக் காண்கிறோம். உலகக் காட்சிகளில் பகைவழி என்பது நாடுகளுக்கிடையே வரையப்படுகிறது. ஒரு நாட்டின் இரு மாநிலங்களுக்கிடையே அது எவ்வாறு உருவெடுக்கும் என்பதை அவ்வளவு பெரிய வரைபடம் காட்டாது.

சரிவிலும் தாழ்விலும் வாழ்வோர்

நான்காவது வழி இன்னும் அண்மையில் உள்ளது. 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் செயலற்றுப் போனது. ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்களில் தலைமுறை தலைமுறையாகக் குறைந்த வாடகையில் வாழ்ந்த பல குடும்பங்கள் வெளியேறின. 2008இல் நகர் உலக மரபுடைமைத் தகுதி பெற்றது. இன்று குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலைச் சுற்றிலும், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றிலும் கடைகள் நிறைந்துள்ளன, வீடுகள் அருகிவிட்டன. கடற்கரைத் தெரு ஒருகாலத்தில் உண்மையிலேயே கடலோரம். 1880களில் கடலைத் தூர்த்து வெல்ட் கரைத்துறை அமைக்கப்பட்டபின் அது நகருக்குள் வந்துவிட்டது. தூர்த்த அந்நிலத்தில் கடல் உயர்வது பற்றிய எந்த ஆய்வும், அங்கே யார் வாழ்கிறார்கள் என்பதை முதலில் கேட்டாகவேண்டும். 1990இல் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் விடை வேறு; இன்று கிடைக்கும் விடை வேறு.

மலைப்பக்கம் லோகனின் கவலை புது உருவில் திரும்பியுள்ளது. 2017 அக்டோபர் 21ஆம் நாள் தஞ்சோங் பூங்காவில் கட்டுமானத் தளமொன்றில் மண் சரிந்து 11 பேர் இறந்தனர். இரு வாரங்களில், நவம்பர் 4ஆம் நாள் இரவு தொடங்கிய பெருமழையால் மாநிலமே வெள்ளக்காடாகி எழுவர் உயிரிழந்தனர். 2018 அக்டோபர் 19ஆம் நாள் புக்கிட் குக்குஸ் சாலைப் பணியில் மீண்டும் சரிவு. ஒன்பது பேர் பலி. அவ்விரு சரிவுகளிலும் இறந்தோருள் பெரும்பாலோர் வங்காளதேசம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர். இந்நிகழ்ச்சிகளுக்குப் பருவநிலை மாற்றமே காரணம் என்று நாம் கூறவில்லை. சரிவை வெட்டிய முறையும் கண்காணிப்பின் குறையும் அங்குப் பேசப்பட்டன. மழை மிகுமானால் அதன் சுமை முதலில் யார்மேல் விழும் என்பதை அவை காட்டிவிட்டன. 19ஆம் நூற்றாண்டில் சஞ்சிக்கூலிகளாக நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து, செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் மாண்டவர்களின் வாரிசுகளாகிய நமக்கு இக்காட்சி புதியதன்று.

அக்கரும்புத் தோட்டங்களைப் பற்றி ஒரு சொல். செபராங் பிறையின் தென்பகுதிச் சேற்று நிலங்களில் வாய்க்கால் வெட்டி, கரை உயர்த்தி, உப்புநீரைத் தடுத்துக் கரும்பு பயிரிடப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது, பின்னர்ச் செம்பனை. பத்து காவான், 2014இல் இரண்டாம் பாலம் திறந்தபின் தொழிற்பேட்டையாக வளர்ந்துள்ளது. பயிர் மாறியும் தொழில் மாறியும் நிலம் அதே தாழ்நிலம்தான். வெள்ளம், உப்பேற்றம், மதகு, கரைகட்டு ஆகியவற்றோடு தோட்ட மக்கள் நூறாண்டுக்கும் மேலாகப் பழகி வந்தனர். எந்த ஆண்டு எந்த லயத்தில் நீர் புகுந்தது, எந்த மதகு பழுதுற்றது, அப்போது கங்காணியும் துரையும் என்ன செய்தனர் என்பவை முதியோர் நினைவில் இருக்கின்றன. ஐந்து வழிகளின் தரவுத்தளத்தில் இவற்றுக்கு ஒரு கட்டமும் இல்லை.

மாநில அரசு தன் வழியைத் தானே எழுத முயலாமல் இல்லை. 2018இல் ‘பினாங்கு 2030’ என்னும் நோக்குரை வெளியாயிற்று. தகவமைப்பு நிதியத்தின் ஏறத்தாழ ஒரு கோடி அமெரிக்க வெள்ளி உதவியுடன் ஜார்ஜ் டவுனிலும் பாயான் லெப்பாசிலும் மரம் நடுதல், வெள்ளநீர் தேக்குதல் முதலிய பணிகள் வகுக்கப்பட்டன. கரையோர மீனவர் நலச் சங்கத்தினர் அதற்கு நெடுங்காலம் முன்னரே சதுப்புநிலக் கன்றுகளை நட்டு வந்தவர்கள். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் பினாங்கில் 52 பேர் இறந்தபின் அவர்கள் பணியை நாடு கவனித்தது. மறுபுறம், தீவின் தென்கரையில் கடலைத் தூர்த்து மூன்று செயற்கைத் தீவுகள் அமைக்கும் திட்டம் மீனவரின் எதிர்ப்புக்கிடையே 2023இல் ஒரு தீவாகச் சுருக்கப்பட்டு, அவ்வாண்டே பணி தொடங்கியது. பசுமை வழியும் ஐந்தாவது வழியும் ஒரே அரசின் ஒரே அலமாரியில் இருக்கக்கூடும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு நமக்குக் கிட்டவில்லை.

இத்தகைய முரண்களை உலகக் காட்சிகள் ஏற்பதில்லை. ஒவ்வொரு வழியும் தன்னளவில் சீரான கதையாக இருக்கவேண்டும் என்பது அவற்றின் விதி. வரலாற்றுக்கு அவ்விதி இல்லை. எனவே பினாங்கிற்கென ஒரு காட்சி எழுதப்படுமானால், அது பொருளியலாரும் நீரியலாரும் மட்டும் எழுதும் நூலாக இருத்தல் இயலாது. கோயில் கணக்கேடுகள், பள்ளிவாசல் அறக்கட்டளைப் பத்திரங்கள், தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் வருகைப் பதிவேடுகள் ஆகியவற்றைப் படிக்க வல்லோர் நம் துறையில் உள்ளனர். வெள்ளத்தின் மறுநாள் வகுப்பிற்கு எத்தனை மாணவர் வந்தனர் என்பதைப் பதிவேடு சொல்லும். வராதவர் எந்த லயத்துப் பிள்ளைகள் என்பதை, ஓய்வுபெற்ற ஆசிரியர் எவரேனும் இன்னமும் சொல்லக்கூடும்.